விரிக்காத குடையும் கிளிஞ்சல் மண்ணும்

அலாரம் அடிக்கும் முன்பே அவன் விழித்திருந்தான். எழுந்து போர்வையை மடித்தான். ஒரு டம்ளர் டீ போட்டு, பாதி குடித்தான். மீதியைத் தொட்டியில் ஊற்றினான். சட்டையில் காலரை மட்டும் இஸ்திரி போட்டான். கதவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டான். பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மனைவி இறந்துபோனதிலிருந்து, வெயிலோ மழையோ, அந்தக் குடை இல்லாமல் அவன் வெளியே போனதில்லை. அதை விரித்ததும் இல்லை.

ஆய்வுக்கூடத்தின் வாசலை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவன் முகப்புக் கூரைக்கு அடியில் ஓடி ஒதுங்கினான். அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு தட்டு நிறைய நாற்றுகள். நெற்றியில் ஒட்டிக்கொண்ட முடி. இமை நுனியில் விழவா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு துளி... அந்தக் கண்கள் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தன. சொட்டச் சொட்ட நனைந்த சட்டை. அக்குளில் மடக்கிய குடை.

"குடைக்கு ஜலதோஷம் பிடிச்சிடும்னு பயமா?"

அவன் குடையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"சரி, விடுங்க... இங்க மண் டெஸ்ட் பண்றவர் யாருன்னு தெரியுமா? அவரோட ஒரு சண்டை போடணும்."

"நான்தான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்போ முதல்ல தலையைத் துவட்டிக்கோங்க. நனைஞ்சவங்களோட நான் சண்டை போடறதில்ல."

அவன் துவட்டிக்கொண்டான். அவள் காத்திருந்தாள். பிறகு நாற்றுத் தட்டை அவன் மேஜைமேல் வைத்தாள். இலைகள் எல்லாம் வெளிறி மஞ்சளாக இருந்தன.

"என் மண்ணுல ஆர்கானிக் கார்பன் ஏராளமா இருக்குன்னு சொன்னீங்க. அதை நம்பி மக்கு உரமே போடல. எப்படிப் படுத்துட்டிருக்கு பாருங்க..."

அலமாரியில் அவள் முன்பு அனுப்பியிருந்த மண் மீதமிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தான். மண்ணுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்ப் பொடி.

"இதுல என்ன கலந்தீங்க?"

"கிளிஞ்சல் தூள். தண்ணி தேங்காம இருக்கத்தான். ஏன்?"

அவன் லென்ஸைக் கீழே வைத்தான். "தப்பு என்னோடது."

உலையில் மண்ணை எரித்து, வரும் வாயுவை வைத்துக் கார்பனைக் கணக்கிடுவது அவன் வேலை. எரிக்கும் முன் மண்ணில் அமிலம் விட்டு, கிளிஞ்சலின் கார்பனை வெளியேற்ற வேண்டும். அதை அவன் செய்யவில்லை. கிளிஞ்சலும் மக்கிய இலையும் ஒரே கணக்கில் விழுந்துவிட்டன. அன்று ஏன் மறந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சில நாட்கள் அப்படித்தான் கழிந்தன.

சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. "நீங்க கொஞ்சம் மறுத்துப் பேசியிருக்கலாம்," என்றாள். "வர்ற வழியெல்லாம் என்ன பேசறதுன்னு தயார் பண்ணிட்டு வந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அவனே கவனித்தான்.

ஒரு கண்ணாடித் தட்டில் கிளிஞ்சல் தூள் வைத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டான். புஸ்ஸென்று நுரைத்தது. சின்னக் கரண்டியில் காய்ந்த இலையைச் சுடரில் காட்டினான். கறுத்துக் கரியானது. இன்னொரு கரண்டியில் கிளிஞ்சல் தூள். அது வெள்ளையாகவே இருந்தது.

"ரெண்டுலயும் இருக்கறது கார்பன்தானே?" அவள் குனிந்து பார்த்தாள். ஈர மண் வாசனை அவனருகே வந்தது.

"அணு ஒண்ணுதான். யாரோட சேர்ந்திருக்குங்கறதுதான் வேற. கார்பன் ஹைட்ரஜனோட நேரா கைகோத்திருந்தா ஆர்கானிக். கிளிஞ்சல்ல அது ஆக்சிஜன்கிட்ட மாட்டிட்டிருக்கு. அது இனார்கானிக். கார்பன் டை ஆக்சைடு, சயனைடு எல்லாம் அந்தப் பக்கம்தான்."

"எப்பவும் அப்படித்தானா?"

"பெரும்பாலும். யூரியால அந்தக் கைகோப்பு கிடையாது. இருந்தாலும் ஆர்கானிக் பக்கம்தான் சேர்த்திருக்காங்க."

"பரவாயில்லையே... உங்க சட்டத்துலயும் கொஞ்சம் இரக்கம் இருக்கு."

அதன்பின் அவள் அடிக்கடி வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு டப்பா மண். எதிர் மேஜை அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். "நேத்துக் கொண்டுவந்த மண்ணையே இன்னைக்கும் கொண்டு வந்திருக்கா. ஒரு ராத்திரியில மண்ணு என்னப்பா மாறிடும்?" அவன் காது சிவக்கும். டீ இப்போது முழு டம்ளர் இறங்கியது.

ஒருநாள் அவள் குடையைப் பற்றிக் கேட்டாள். இந்த முறை கிண்டல் இல்லை.

"'குடையை எடுத்துக்கோங்க.' என் மனைவி கடைசியா சொன்னது," என்றான்.

அவள் குடையைக் கையில் எடுத்தாள். கைக்குட்டையால் குடைப்பிடியில் இருந்த தூசியைத் துடைத்து, மறுபடி சுவரில் சாய்த்து வைத்தாள். அவ்வளவுதான். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. நினைத்துக்கொண்டிருந்தது மனைவியை அல்ல என்பதுதான் பயமாக இருந்தது...

மறுநாள் அவள் ஓடிவந்தாள். "நாத்தெல்லாம் துளிர்த்திடுச்சு. சாயங்காலம் தோட்டத்துக்கு வந்து பாருங்களேன்."

அவன் நிமிரவில்லை. "மண்ணு சரியாயிடுச்சு. இனி நீங்க வர வேண்டியதில்ல."

அந்தக் கண்களில் வெளிச்சம் அணைந்ததை அவன் பார்க்காமலே உணர்ந்தான்.

"அந்தக் கிளிஞ்சல் மாதிரி... என்னையும் ஒரே சொட்டுல வெளியேத்திட்டீங்க," என்றாள். காலி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வரவில்லை. மண்ணும் வரவில்லை. டீ மறுபடி பாதியில் நின்றது. எதிர் மேஜை அக்காகூடக் கேலி பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ஒரு பிற்பகல், யாருடைய மண்ணிலோ அமிலம் விட்டுக்கொண்டிருந்தான். நுரை எழுந்து அடங்கியது. அடியில் கறுப்பாய் மண் தங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். எது மனைவிமேல் வைத்த அன்பு, எது வெறும் பயம்... இரண்டையும் பிரிக்காமல் ஒரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறான். போன முறை அதே தவறில் நாற்றுகள் வாடின. இந்த முறை வாடியவள் அவள்.

கையைக் கழுவினான். குடையை எடுத்தான்.

"எங்கப்பா, வேலை நேரத்துல?" என்றாள் அக்கா.

"தப்பா ஒரு ரிசல்ட் கொடுத்துட்டேன்க்கா. நேர்ல போய்ச் சொல்லணும்."

"அந்தப் பொண்ணுக்குத்தானே? ஓடு."

தோட்டத்தை அடையும்போது மழை கொட்டியது. அவள் நாற்றுப் பாத்திகளுக்கு மேல் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். அவனைப் பார்த்தும் முடிச்சை விடவில்லை.

"நான் மண்ணு எதுவும் அனுப்பலையே."

"அனுப்பல. அதான் வந்தேன்."

"நனைஞ்சவங்களோட நான் சண்டை போடறதில்லன்னு தெரிஞ்சுதானே நனைஞ்சுட்டு வந்திருக்கீங்க?" குரல் கோபமாகத்தான் இருந்தது. கண்கள் ஒத்துழைக்கவில்லை.

அவன் குடைப் பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. மறுபடி அழுத்தினான். துருப்பொடி உதிர, ஒரு முனகலோடு குடை விரிந்தது. அதை அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"இதை விரிக்க மாட்டீங்களே..." அவள் குரல் இறங்கிவிட்டது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. வேண்டாம்னு தள்ளிப் பாத்தேன். போகல." குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தான். "இன்னொண்ணு. அவ கடைசியா சொன்னதா உங்ககிட்ட சொன்னேன்ல... அது பாதிதான்."

அவள் குடைக்குள் ஓர் அடி நெருங்கி நின்றாள். ஈரக் கையால், பிடியில் இருந்த அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்கு முதல் நாளே பிடிச்சிடுச்சு. நீங்க மறு பேச்சில்லாம தலையைத் துவட்டினீங்களே, அப்பவே," என்றாள். "என் கதை இருக்கட்டும். முதல்ல அவங்க சொன்னதைச் சொல்லுங்க. முழுசா."

அவன் துளிர்விட்ட நாற்றுகளைப் பார்த்தான். ஆஸ்பத்திரி ஜன்னல். வெளியே இருட்டிக்கொண்டு வந்த மேகம். மருந்து வாங்கக் கிளம்பியவனைப் பார்த்து, தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, வழக்கமான அந்தக் கேலிச் சிரிப்போடு மனைவி உண்மையில் சொன்னது இதுதான்:

"குடையை எடுத்துக்கோங்க... சும்மா தூக்கிட்டுத் திரியாதீங்க. மழை வந்தா விரிங்க."