தூர்வாரியபோது கிடைத்த கார்

எஞ்சினை அணைத்த பிறகும் திரையிலிருந்த கோடு அசைந்துகொண்டிருந்தது.

பரிதி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பழைய அம்பாசிடரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய ஃபியூவல் இன்ஜெக்ஷனைப் பொருத்தியிருந்தான். புகைக்குழாயில் துளையிட்டு ஆக்சிஜன் சென்சாரையும் திருகியிருந்தான். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று அது காட்டும். அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டலாம், குறைக்கலாம். எஞ்சின் நின்றுவிட்டால் குழாய்க்குள் வெறுங்காற்று புகுந்து, கோடு இருபத்தொரு சதவீதத்தில் ஏறி அப்படியே நிற்க வேண்டும். இது சற்றே இறங்கியது, ஏறியது, மீண்டும் இறங்கியது.

"ஊரே வாய்க்கால்ல தண்ணி வர்றதப் பார்க்கப் போயிருக்கு. நான் மட்டும் என் சக்களத்திக்குக் கால் அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றாள் ஓட்டுநர் இருக்கையிலிருந்த அவன் மனைவி வானதி. அவன் சொல்லும்போது ஆக்சிலேட்டரை மிதிப்பது அவள் வேலை.

"இன்னும் ஒரே தடவ. சென்சார் எதையோ தப்பாக் காட்டுது."

"மூச்சு முட்டுதோ என்னமோ அதுக்கு. எனக்கே இந்தப் புகை நாத்தம் தாங்கல."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

கோடையில் வாய்க்காலைத் தூர்வாரியபோது சேற்றுக்குள்ளிருந்து பொக்லைன் தூக்கிய கார் அது. நான்கு கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. நான்கு கதவுகளும் பூட்டியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. குடமோ, கல்லோ, தூர்வாரும்போது எது கிடைத்தாலும் தண்ணீர் வருமுன் அதைக் கரையிலேயே திரும்ப வைத்துவிடுவது அவ்வூர் வழக்கம். பொக்லைன் ஓட்டும் நாகநாதன் அதைச் சொல்லவும் செய்தார்: "ஆசைக்கு வச்சிருங்க தம்பி. கல்லணை தொறந்து தண்ணி இங்க வர்றதுக்குள்ள கொண்டாந்து போட்டுடுங்க. வாய்க்கா அதோடத கேக்கும்."

"ஆர்சி புக்கு வச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே," என்று பரிதி சிரித்திருந்தான்.

அந்தி மங்கிக்கொண்டிருந்தது. நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த காலத்து உமிவாசமும், எரியாத பெட்ரோலின் நெடியும், சூடாறும் இரும்பின் மெல்லிய டிக் டிக் ஓசையும் காரை நிறுத்தியிருந்த கொட்டகையை நிறைத்திருந்தன. இப்போது அவற்றினூடே வேறொன்று, நெடுநாள் மூடிக்கிடந்த சேற்றைக் காலால் கிளறினாற்போன்ற வாடை, காரின் அடியிலிருந்து மெல்லப் பரவிவந்தது. அவன் குனிந்து பார்த்தான். சிமெண்டுத் தரை காய்ந்துகிடந்தது.

வெளியே குலவை எழுந்தது. தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் பூவும் விதைநெல்லும் தூவுவார்கள்.

கோடு சரிந்தது. பத்தொன்பது.

வயரில் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காருக்கடியில் கைவிட்டுச் சென்சாரின் இணைப்பைப் பிடுங்கினான். பிடுங்கிய வயர் கையில் தொங்க, நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

பதினெட்டு.

இப்போது ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு. முதலாவது மெதுவானது, தொடக்கத்திலிருந்தே இருந்தது. இரண்டாவது வேகமானது. ஒவ்வொரு முறையும் நடுவில் சிறிது தயங்கியது. அந்தத் தயக்கத்தை அவன் அறிவான். எத்தனையோ இரவுகள் தன் தோளருகே கேட்டது அது.

வானதியின் மூச்சு.

மூடிய இடம் ஒன்றில் இருவர் மூச்சுவிடுகிறார்கள். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது.

"வானதி! கதவத் தொற!"

கண்ணாடி முழுதும் உட்புறம் பனித்திருந்தது. கைப்பிடி அசையவில்லை. அவள் உள்ளங்கை கண்ணாடியில் அறைந்தது. ஓசையே இல்லை. அறைந்த இடத்தில் பனி விலக, அவள் கண்கள் தெரிந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. பின்னிருக்கையைப் பார்த்தன.

பின்கண்ணாடியிலும் பனி. அங்கேயும் ஒரு மூச்சு படிந்தது. மறைந்தது. படிந்தது.

பதினொன்று.

கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. ஏறியது. தண்ணீர். காருக்குள். அவள் மார்பளவு. கழுத்தளவு.

ஸ்பானரை எடுத்தான். அடித்தான். மீண்டும் அடித்தான்.

கண்ணாடி வெடித்தது. செம்மண் கலங்கிய புதுவெள்ளம் அவனைத் தரையில் சாய்த்து, கொட்டகையெங்கும் ஓடியது. எழுந்தபோது அவன் கைகளில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. விரலிடுக்குகளில் விதைநெல்.

முன்னிருக்கை காலியாக இருந்தது. பின்னிருக்கையும். மற்ற மூன்று கண்ணாடிகளும் ஏற்றியபடியே. நான்கு கதவுகளும் பூட்டியபடியே.

கரையில் குலவை ஓய்ந்திருந்தது. மேசைமேல் திரை மட்டும் ஒளிர்ந்தது. அதில் இரண்டு கோடுகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வேகமாக ஓடிய கோடு, தயங்கித் தயங்கி, மெல்ல மெல்லத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மற்றதன் அசைவோடு சேர்ந்துகொண்டிருந்தது.