பையின் மறுபாதி

பொட்டு பையின் பாதியில்தான் படுத்திருந்தான்.

பானு முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்து, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பையின் வலைத்துணி வழியாக உள்ளே பார்த்தாள். பை ஒன்றும் பெரியதில்லை. பொட்டு அளவுள்ள நாய் சுருண்டு படுத்தாலே நிறைந்துவிடும். ஆனால் அவன் இடது ஓரத்தில், முதுகைத் துணிச்சுவரோடு ஒட்டி, கால்களை வயிற்றுக்குள் மடக்கி, தன்னை எவ்வளவு சுருக்கிக்கொள்ள முடியுமோ அவ்வளவு சுருக்கிக்கொண்டு கிடந்தான். வலது பக்கம் காலியாக இருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்கார வருகிறவருக்காக நகர்ந்து கொடுத்தவர் போல.

"என்னலே, யாருக்கு எடம் போட்டு வச்சிருக்க?" என்று சிரித்தாள்.

பொட்டு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு காலியான பக்கத்தைப் பார்த்தான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

பானுவுக்கு முப்பத்துநான்கு வயது. ஹடப்சரில் ஒற்றை அறை வாடகை வீடு. அப்பா சுப்பையா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவள் அண்ணன் வீட்டில் இருந்தார். கல்யாணம் முறிந்து அவள் தனியே வந்த வருஷம் பஸ் டிப்போ வாசலில் கிடைத்த குட்டி பொட்டு. வெள்ளை உடம்பு, நெற்றியில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி. ஆறு வருஷமாக அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். இப்போது ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அவனை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே அவளிடம் இல்லை.

விமானக் கம்பெனியின் விதிகள் அவளுக்கு மனப்பாடம். நாய் பைக்குள் இருக்க வேண்டும். பை முன் இருக்கையின் அடியில் இருக்க வேண்டும். இறங்கும்வரை திறக்கக் கூடாது. நாயும் பையும் சேர்ந்து எட்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்காகத்தான் ஒரு மாதமாக தினமும் பழக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அரை மணி நேரம், பிறகு ஒன்று, பிறகு மூன்று.

பையைக் கொடுத்தவள் மகர்பட்டாவில் ஐ.டி. வேலையில் இருக்கும், தன் நாயோடு வெளிநாடு போய் வந்த ஸ்நேஹா. நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் பழக்கம். வாங்கப் போனபோது பை வீட்டுக்குள் இல்லை. கதவுக்கு வெளியே, செருப்பு அலமாரியின் மேல், தனியாக இருந்தது.

"ரெண்டு டைம் வாஷ் பண்ணிட்டேன் அக்கா. பைசா எல்லாம் வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

"ஒங்க நாயி எங்கம்மா?"

"அவன்... அங்கயே இருந்துட்டான்."

அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. வெளிநாட்டில் யாரிடமோ விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று பானு நினைத்துக்கொண்டாள்.

எத்தனை முறை துவைத்திருந்தாலும் பையில் ஒரு வாடை இருந்தது. நாய் வாடை இல்லை. மழையில் நனைந்து நாட்கணக்காகக் கிடந்த இரும்பைப் போல, மூக்கின் உள்ளே குளிர்ச்சியாக ஏறுகிற வாடை.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எடை பார்த்தாள். பொட்டுவைத் தூக்கிக்கொண்டு எடைப் பலகையில் ஏறி, தன் எடையைக் கழித்தாள். நாலு கிலோ எண்ணூறு. வெறும் பை ஒரு கிலோ நூறு. பொட்டுவைப் பைக்குள் விட்டு ஜிப்பை மூடி, பலகையில் வைத்தாள்.

ஆறு எழுநூறு.

இறக்கினாள். மறுபடி வைத்தாள். ஆறு எழுநூறு. பலகை கெட்டுவிட்டது என்று அதை ஒரு தட்டு தட்டினாள். வார்டில் எத்தனை எடைப் பலகைகள் இப்படிப் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் நாலு நாள் கழித்து வைத்தபோது ஏழு இருநூறு என்று காட்டியது. பொட்டு மட்டும் தனியாக நாலு முந்நூறுதான் இருந்தான். கையை வைத்தால் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. சோற்றைத் தொடாமல், கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, நேராகப் பைக்குப் போய்விடுவான். கூப்பிட்டால் வரமாட்டான். தன் பாதியில் சுருண்டுகொள்வான்.

அன்று மதியம் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் தகரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், கீழே ரிக்‌ஷாக்கள் சேற்றில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம், மாடியில் யாரோ மசாலா இடிக்கிற சத்தம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து, கரண்டும் போய், ஃபேன் நின்று, அறைக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பானு கட்டிலில் படுத்தபடியே பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். வார்டில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்கிற வேலை. நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. தூங்குகிற நாய்க்குச் சரிதான்.

இருபத்திரண்டுக்கு நடுவில் வேறு ஒன்று இருந்தது.

நீளமாக. ஆழமாக. உள்ளே இழுத்து, நிறுத்தி, வெகு நேரம் கழித்து விடுகிற மூச்சு. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். நிமிஷத்துக்கு ஆறு. ஆஸ்பத்திரியில் அப்படி மூச்சு விடுகிறவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டு, வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடச் சொல்வார்கள்.

எழுந்து பையருகே போனாள். குனிந்தாள். ஆறு நின்றுவிட்டது.

இருபத்திரண்டு மட்டும் கேட்டது.

மறுநாளே புதுப் பை வாங்கினாள். பொட்டு அதைப் பார்த்ததும் உறுமினான். ஆறு வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் உறுமியதே இல்லை. பிடித்து உள்ளே விட்டு மூடினாள். வலையைக் கடித்தான், ஜிப்பைப் பிறாண்டினான், நகம் பிய்ந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரத்தில் வலை கிழிந்தது. வெளியே வந்தவன் நொண்டிக்கொண்டே அலமாரிக்குப் போனான். பழைய பையை அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அங்கேயே படுத்தான்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். எடையைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ சொல்ல வாய் வரவில்லை. "பொட்டு பைக்குள்ள ஒழுங்கா இருக்க மாட்டேங்கான்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"ஏட்டி, அவன இங்க விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒங்களுக்கே மூச்சு எளைக்கி. மாடிப்படி ஏறி எறங்கி இவன வேற..."

"நாயிக்கு எதுக்குட்டி பிளேனு? அது கேட்டுச்சா ஒங்கிட்ட?"

பானு முன்பின் தெரியாத ஊரில், முதல் நாள் வேலை முடிந்து, பூட்டிய கதவைத் திறந்து வெறும் அறைக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தாள். "கூட்டிட்டுத்தான்ப்பா போவேன்" என்றாள்.

மிருக டாக்டரின் சான்றிதழ் இன்னும் மூன்று நாளைக்குத்தான் செல்லும். டிக்கெட்டில் நாயின் இடம் உறுதியாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தேதியும் கடிதத்தில் இருந்தது. அலமாரியைத் திறந்தாள். பொட்டு அவள் கைக்கடியில் புகுந்து பைக்குள் போய், இடது ஓரத்தில் சுருண்டான்.

பயண நாளன்று விமான நிலையத்துக்குப் போகும் காரில் ஸ்நேஹாவுக்கு எழுதினாள். 'உங்கள் நாய் அங்கே யாரிடம் இருக்கிறது?'

பதில் இல்லை.

லோஹேகாவ் விமான நிலையத்தில் கவுன்ட்டர்ப் பெண் பையைத் தராசில் வைத்தாள். "எய்ட். எக்ஸாக்ட்" என்று சிரித்து, பச்சைச் சீட்டைக் கட்டினாள். சோதனையில் நாயை வெளியே எடுக்கச் சொன்னார்கள். பொட்டுவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பானு அந்தப் பக்கம் போய் நின்றாள். வெறும் பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. பெட்டிகளை நகர்த்தும் பட்டை நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்து நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்தார்.

"இஸ்மே அவுர் கியா ஹை?" இதில் வேறென்ன இருக்கிறது?

"குச் நஹீ, பய்யா. டவல் ஹை, பஸ்." ஒன்றுமில்லை, டவல் மட்டும்தான் என்றாள்.

அவர் பையைத் திறந்து கையை உள்ளே விட்டார். டவலை எடுத்து உதறினார். மறுபடி கையை விட்டு, வலது மூலைவரை துழாவினார். சட்டென்று வெளியே எடுத்து, உள்ளங்கையை பேன்ட்டில் தேய்த்துக்கொண்டார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பெட்டியை இழுத்தார்.

டெல்லி போய் அங்கிருந்து ஃபிராங்ஃபர்ட். பானுவுக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் ஒரு கனத்த பெரியவர் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. பையை முன் இருக்கைக்கடியில் தள்ளினாள். அது எளிதில் போகவில்லை. முழங்காலால் அழுத்தவேண்டியிருந்தது. கதவுகள் மூடின. பெல்ட் விளக்கு எரிந்தது.

விமானம் கொஞ்ச தூரம் ஊர்ந்து நின்றது. விமானப்படை விமானங்கள் இறங்குகின்றன, காத்திருக்க வேண்டும் என்றார் பைலட். ராணுவத் தளம் என்பதால் ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த மதியம் ஒவ்வொரு ஜன்னலாக அணைந்தது. ஏசி இன்னும் சரியாக வரவில்லை. பெரியவரின் தலை எண்ணெய், யாரோ திறந்த சிவ்டா மிக்சர்ப் பொட்டலம், வேர்வை, எல்லாவற்றுக்கும் அடியில், அவள் கால்மாட்டிலிருந்து மெல்ல எழுந்து வந்த நனைந்த இரும்பு வாடை.

இருபது நிமிஷம். நாற்பது.

போன் அதிர்ந்தது. ஸ்நேஹாவின் குரல் பதிவு. பானு காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, சாரி, இப்பதான் மெசேஜ் பாத்தேன். என் புருனோ... அவன் யார்கிட்டயும் இல்ல அக்கா. ஃப்ளைட் ஃபுல்லா சத்தமே போடல. இறங்கினப்போ பை வெயிட்டா இருந்துச்சு. அதனால உள்ளதான் இருக்கான்னு நெனச்சேன். வெளிய வந்து ஜிப் தொறந்தா..." மூச்சு வாங்கியது. "காலர் மட்டும் இருந்துச்சு. ஜிப் க்ளோஸ்டு அக்கா. யாருமே நம்பல. அப்புறம் காலிப் பைய தூக்கினேன். வெயிட் கொறையவே இல்ல. வேற யாராவது எடுத்துட்டுப் போகட்டும்னு... என்னை மன்னிச்சிடுங்க. அக்கா, நீங்க வேற பைதான எடுத்துட்டுப் போறீங்க?"

பானு போனை மடியில் வைத்தாள்.

எழுந்திருக்க முடியாது. பெரியவர் அசையவில்லை. கதவுகள் மூடியிருந்தன.

குனிந்தாள். நெற்றி முன் இருக்கையில் இடித்தது. ஜிப்பைத் தேடி ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள். உள்ளே கை விட்டாள். இடது பக்கம். இடது பக்கம் மட்டும். ரோமம் தட்டுப்பட்டது. கழுத்து. காலர். இழுத்தாள். பொட்டு வரவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். திடீரென்று கையோடு வந்தான். சால்வைக்குள் போட்டு மூடி, வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எடையே இல்லை அவனுக்கு. இதயம் மட்டும் துடித்தது.

ஒரு சாண் ஜிப் திறந்தபடி கிடந்தது. அதை மூட அவள் கை போகவில்லை.

பிறகு பையைப் பார்த்தாள்.

அது தளரவில்லை.

வலைத்துணி உள்ளிருந்து புடைத்து நின்றது. இரண்டு பக்கமும். மெல்ல உயர்ந்தது. நின்றது. வெகு நேரம் கழித்துத் தாழ்ந்தது.

"மேம்?"

பானு திடுக்கிட்டாள். பணிப்பெண் கையில் சின்ன டார்ச்சோடு குனிந்து நின்றாள். வெளிச்சம் சால்வையைத் தாண்டிக் கீழே போய், பையின் மேல் விழுந்தது. ஏறி இறங்கும் வலையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் கனிந்தது.

"ஸோ ஸ்வீட்" என்றாள் தணிந்த குரலில். "நல்லா தூங்கறான்ல? அப்படியே விட்டுடுங்க. டிஸ்டர்ப் பண்ணாதீங்க."

பானு வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? சொன்னால் முதலில் செய்யச் சொல்வது இதுதான். நாயைப் பைக்குள் விடுங்கள்.

பணிப்பெண் போய்த் தன் இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். விளக்குகள் மங்கின. எஞ்சின் இரைந்தது. ஓடுபாதை கால்களுக்கடியில் அதிர்ந்தது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது.

பை நகர்ந்தது.

இருக்கைக்கடியிலிருந்து பின்னோக்கி, முழு கனத்தோடு வழுக்கி வந்து, அவள் கணுக்கால்களின் மேல் சாய்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கால்களைப் பின்னுக்கு இழுத்தாள். இருக்கைக் கம்பி இடித்தது. அதற்கு மேல் இடமில்லை.

ஜிப்பின் நாக்கு அசைந்தது. ஒரு பல். நின்றது. இன்னொரு பல்.

சால்வைக்குள் பொட்டு தலையைத் தூக்கினான். கீழே பார்த்தான். காதுகள் நிமிர்ந்தன. பானு அவனை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் வால் அவள் வயிற்றில், மெல்ல, சந்தோஷமாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது.