டாக்டர் இளவரசுவின் சுத்த ரத்தம்

வரக் கூடாத ஸ்ட்ரிப்பில் இரண்டாவது கோடு வந்திருந்தது. மெல்லிசாக, துடைத்தும் போகாத குங்குமம் போல.

அது டாக்டர் இளவரசுவின் சொந்த ரத்தம். யானைக்கால் நோயை ஒரே சொட்டில் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிப்பைக் கண்டுபிடித்த மேதை அவர். நாளைக் காலை சிதம்பரத்தில் அமைச்சர் கையால் வெளியீடு. ஒரு கோடு என்றால் நோயில்லை. இரண்டு என்றால், புழுவோடு உடம்பு போராடிய தடம் ரத்தத்தில் இருக்கிறது. நோயற்ற ரத்தம் எப்படியிருக்கும் என்று அளவு வைக்க ஒரு மாதிரி வேண்டுமே? டாக்டர் பெருந்தன்மையோடு தன் கையையே நீட்டியிருந்தார்.

“வேணாம் சார், நம்ம எல்லாரும் கடலூர் கொசுகிட்ட கடி வாங்குனவங்க,” என்று அன்றே சொன்னாள் ஆய்வக உதவியாளர் ஆரோக்கிய ராணி.

“செம்மண்டலத்துல எங்க குடும்பம்னா கொசுகூட ஆள் பாத்துதாம்மா கடிக்கும்.”

அவர் ரத்தத்தில் இருப்பதைத் தாண்டினால்தான் இரண்டாவது கோடு வரும். அந்த அளவை வைத்து முன்னோட்ட முகாம்களில் நாலாயிரம் பேருக்கு ‘நோயில்லை’ என்று சீட்டு கொடுத்தாயிற்று. கால் வீங்கிய குடிகாடு கிராமத்துக் கோவிந்தசாமிக்கு மட்டும் மூன்று முறை. “காலு சொல்லுது சார், உங்க சீட்டுதான் சொல்ல மாட்டேங்குது,” என்றவரை, “படிச்சவன் நீயா, நானா?” என்று விரட்டியிருந்தார்.

இன்று மாலை ராணி ஒரு புதுப் பெட்டியை மேசையில் வைத்தாள். “இது அந்தக் கொசுவே இல்லாத ஊட்டி ஆளுங்க ரத்தத்த வெச்சு அளவு பாத்தது சார். நீங்களே குத்திப் பாருங்க.” கிளம்பிவிட்டாள்.

ஸ்பிரிட் வாடையும் ஃபிரிட்ஜின் முனகலும், வாசலில் நிற்கும் அவருடைய இருபதடி கட்அவுட்டின் ஃபிளெக்ஸ் காற்றில் படபடக்கும் ஓசையும் சேர்ந்து அறையை நிறைக்க, அவர் இன்னொரு விரலைக் குத்தினார், பிறகு இன்னொன்றை. இரண்டு கோடு. இரண்டு கோடு.

குப்பைக்கூடையில் பஞ்சுக்கு அடியில் அவற்றைப் புதைத்தார். நாளை பழைய பெட்டியே மேடையேறும். ராணிக்குக் கம்மாபுரத்துக்கு மாற்றல். கோவிந்தசாமிக்கு நான்காவது சீட்டு. யாருக்குத் தெரியப்போகிறது?

படபடப்பு நின்றது.

காற்று நிற்கவில்லை. ஜன்னல் திரை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

எட்டிப் பார்த்தார். ஃபிளெக்ஸ் விறைத்திருந்தது, உள்ளேயிருந்து ஏதோ உப்பியது போல. வெள்ளைக் கோட்டு. கட்டிய கை. அதே சிரிப்பு.

இடது கால்.

பேன்ட் தையல் பிரிந்து தொங்கியது. உள்ளே தோல். மடிப்பு மடிப்பாக. ஈரமாக.

டிக். ஓர் ஆணி தெறித்தது. டிக். இன்னொன்று.

சிரிப்பு மாறவில்லை. கால் மட்டும் சட்டத்தை விட்டு இறங்கியது. ஊன்றியது. கட்டடத்தை நோக்கி ஓர் அடி.

அதன் கனம் முழுவதும் டாக்டரின் இடது காலில் இறங்கியது.