இருட்டறைக் கதவைத் திறந்தது யார்?

"ஐயோ கடவுளே... லைட்டை அணைங்க!"

யசோதினி போட்ட சத்தத்தில், சுவிச்சில் கை வைத்தவன் குடையைக் கீழே போட்டுவிட்டான். வெளியே பேராதனை வளாகத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஆய்வுகூடத்தில் பளீரென்று வெளிச்சம். காலையிலிருந்து கும்மிருட்டில் அவள் காத்துக் கிடந்ததெல்லாம் பாழ்!

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... இருட்டா கிடந்தது, ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிட்டன்."

"வாசல்ல கறுப்புத் துணி தொங்குதே, அது என்ன அலங்காரமா? கண்ணு பிடரியிலயா இருக்கு?"

அவன் குனிந்து குடையை எடுத்தான். நனைந்த முடியிலிருந்து நீர் வழிய, திருதிருவென்று விழிக்கும் பெரிய கண்கள்... சே! இந்த நேரத்தில் கண்ணைப் போய்ப் பார்க்கிறாளே! அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பின்னே, கோபம் வராதா? ஒரு கனிமத்தை ஒட்டுநாடாவால் உரித்து உரித்து, அணுக்கணக்கில் மெலிந்த படலமாக்கி, அதில் அவள் செய்த ஒளி உணரி அது. துளி மின்சாரம் போதும், வேலை செய்யும். ஆனால் முதலில் முழு இருட்டில் அதை அளக்கவேண்டும். இப்படி வெளிச்சம் பட்டுவிட்டால் அடங்குவதற்கு ராத்திரி ஆகிவிடும்; கருவியில் அவள் முறையோ இன்று மாலையோடு முடிகிறது. அளக்கும் கருவியோ சனிக்கிழமை பழுதுபார்க்கக் கொழும்புக்குப் போகிறது. இந்த அளவு இல்லாமல் இந்த வருஷம் ஆய்வேடு கொடுக்க முடியாது. நாவலப்பிட்டியிலிருந்து அம்மா வேறு, "எப்பம்மா படிப்பு முடியும்?" என்று போனில் நச்சரிக்கிறாள்.

"நான் ஜீவன். யாழ்ப்பாணத்திலயிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறன். நாளைக்குக் கருவி என்ர முறை. நீங்கள் எடுங்கோவன்."

"உங்க தயவு ஒண்ணும் வேணாம்."

"தயவில்லை. பிழை என்ரதானே?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தாள். வீம்பு பார்த்தால் பட்டம் கிடைக்குமா? கருவியை ஓடவிட்டு, அலுமாரிக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தாள்.

மத்தியானம் வரைபடத்தைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. தட்டையாகப் போகவேண்டிய கோடு, இடையிடையே மேடு மேடாக எழும்பியிருந்தது!

மடிக்கணினியும் கையுமாக வராந்தாவுக்குப் பாய்ந்தாள். ஜீவன் தூணில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இங்க பாருங்க! மேடு மேடா வெளிச்சம் பட்டிருக்கு. யாரோ கதவைத் திறந்திருக்காங்க. நீங்கதானே?"

"ஓம்... நான்தான். மெல்ல நீக்கிப் பாத்தனான்."

"எதுக்கு?"

"உங்களைத்தான்."

"அந்த இருட்டுல என்னங்க தெரியும்?"

"ஒண்டும் தெரியேல்லை. உள்ள இருக்கிறியள் எண்டால் போதும் போல கிடந்தது..."

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள். ஆனால் கன்னம் ஏன் இப்படிச் சுடுகிறது?

"எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு, யசோதினி. நேற்றுத் திட்டினியளே, அப்பவே பிடிச்சுப்போச்சு. இனி இந்தப் பக்கம் வரவேண்டாமெண்டால் வரேல்லை." கோப்பையைக் கீழே வைத்தவன் திரையைக் கூர்ந்து பார்த்தான். "ஆனா ஒண்டு... கடைசியில பெரிய மேடு ஒண்டு நிக்குதே, அது நானில்லை. அந்த நேரம் நான் தேத்தண்ணி வாங்கப் போயிட்டன்."

யசோதினி மடிக்கணினியை மூடினாள். தெரிந்தேதான் அந்தப் பழியையும் சேர்த்து அவன் தலையில் போட்டிருந்தாள்.

"அது... நான்," என்றாள், தரையைப் பார்த்து.

"நீங்களா? ஏன்?"

"வராந்தாவுல உங்க நடை சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு நின்னுடுச்சு. போயிட்டீங்களோன்னு... கதவைத் திறந்து பாத்தேன்."

அவன் சிரிக்கவில்லை. அந்தக் கண்கள் மட்டும் இன்னும் பெரிதாயின.

"எனக்கும் பிடிச்சிருக்கு, போதுமா? இப்படிப் பாக்காதீங்க! லேசான வெளிச்சம்தான் பட்டிருக்கு. இப்ப பூட்டினா பின்னேரத்துக்குள்ள அடங்கிடும். ராத்திரிக்குள்ள அளந்துடலாம்."

"சரி, நான் வாசல்ல காவலிருக்கிறன். நீங்கள் உள்ள இருங்கோ."

"ஒண்ணும் வேணாம். பூட்டிட்டு சாவியை லேப் பொறுப்பு மேடம்கிட்ட குடுத்துடுவோம்," என்றாள் யசோதினி. "நம்ம ரெண்டு பேரையும் நம்ப முடியாது."