வெறுமையாய் வந்த பதில்

"சுந்தரி பேருல இருக்கிற ஃபோல்டரை அழிச்சிருங்க தம்பி," என்றார் கறுப்பையா. கம்பளையிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த களைப்பைவிட வேறொரு களைப்பு அவர் குரலில் இருந்தது.

கண்டியில் முனாப் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நேரில் பேச வாய் வராதவர்கள் குரலைப் பதிந்து வைத்துப் போவார்கள்; உரியவர் வந்து கேட்பார். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு ஹுன்னஸ்கிரியவுக்குப் போன மகளுக்கு, பொங்கல் கழிந்த வாரத்தில், "வீட்டுக்கு வாம்மா" என்று கறுப்பையா பதிந்திருந்தார். தோட்டப் பாடசாலை டீச்சரான சுந்தரி, பரீட்சைத் தாள் அடிக்க அங்கேதான் வருவாள்.

முனாப்புக்கு அழிக்க மனம் வரவில்லை. மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் தன் அக்கா றலியாவைக் கூப்பிட்டான். எது காணாமல் போனாலும் அந்தத் தெருவில் அவளிடம்தான் வருவார்கள்.

"ராத்தா, துப்பு எல்லாம் நானே புடிச்சிட்டேன்," என்றான் முனாப். "இவர் வச்ச ஃபைலைக் கடைசியாத் திறந்தது, வச்ச அன்டைக்கேதான். புள்ள கேக்கவே இல்ல. மத்தது, 'அப்பாவுக்குப் பதில்'னு ஒரு ஃபைல் கிடக்கு. உள்ளுக்கு ஒண்டுமில்ல."

"கேக்காமலே வெறும் பதில் வச்சிருக்கா," என்றார் கறுப்பையா. "என் முகத்துல கதவைச் சாத்துன மாதிரி."

றலியா திரையைப் பார்த்தாள். பிறகு சுவரில் நின்றுபோயிருந்த கரண்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பது.

"முனாப், காலையில கடை திறந்ததும் நீ போடுற குர்ஆன் கிராஅத்தைக் கடைசியாத் திறந்தது எப்பன்னு பாரு."

பார்த்தவன் தலையைச் சொறிந்தான். "போன வருசம்னு காட்டுது. இண்டைக்குக் காலையிலயும் போட்டேனே!"

"ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த நேரத்தை டிஸ்க்கில எழுத வேணும். பழைய டிஸ்க் தேயாம இருக்க, எழுதாதேன்னு சொல்லி வச்சிருக்காங்க. அதனால இந்த மெஷின், யாரு கேட்டாங்கன்னு சொல்லாது. கேட்டாளான்னு தெரியாதுங்கிறதை, கேக்கலைன்னு நீ எடுத்துக்கிட்ட."

கறுப்பையா நிமிர்ந்தார். "அப்ப அந்த வெறும் ஃபைல்?"

"அய்யா, வாயே திறக்காம பதிஞ்சாலும் அது இடம் பிடிக்கும். மௌனத்துக்கும் ஒரு அளவு உண்டு. இதோட அளவு சைபர். அவ வேணும்னு வெறுமையா வைக்கல. இந்தச் சுவர்க் கடிகாரம் எப்ப நின்டது, முனாப்?"

"சிவராத்திரிக்கு முந்தின நாள், இடி விழுந்தப்போ. அந்தப் புள்ள படியிறங்கின கையோட கரண்ட் போச்சு."

"ஃபைலோட தேதியைப் படி."

முனாப் படித்தான். அதே நாள். அதே நாலு நாற்பது.

"பேரை மெஷின் முதல்ல எழுதிரும். உள்ளே இருக்கிறதைக் கொஞ்ச நேரம் நினைவுல வச்சிருந்து, பிறகுதான் டிஸ்க்கில இறக்கும். அந்த இடைவெளியில கரண்ட் போனா, பேர் மட்டும் மிஞ்சும். பதில்னு பேர் வச்சவ, உங்க குரலைக் கேக்காம எப்படி வச்சிருப்பா?" றலியா குரலைத் தாழ்த்தினாள். "பதில் சொல்லியாச்சுன்னு நம்பிப் போயிருக்கா. அப்பா ஏன் இன்னும் வரலைன்னு பாத்துக்கிட்டிருப்பா."

கறுப்பையா வெறும் ஃபைலின் பெயரை விரலால் தொட்டார். "எம் மக என்ன சொல்லியிருப்பா?"

"அது எங்கேயும் எழுதப்படல. அவகிட்டதான் இருக்கு."

முனாப் கடையை இழுத்துப் பூட்டி, கறுப்பையாவை ஏற்றிக்கொண்டு தன் திரீவீலரைக் கிளப்பினான். வாடகைப் பேச்சே எழவில்லை. மனிதருக்கு மனிதர் செய்யும் இத்தகைய சிறு உதவிகளில்தான் கடவுள் தம் வேலையில் பாதியை நடத்திக்கொள்கிறார்.

மலைப்பாதையில் மூடுபனி இறங்கும் நேரத்துக்கு அந்த வீட்டை அடைந்தார்கள். சுந்தரிதான் கதவைத் திறந்தாள்.

"இவ்வளவு நாளாப்பா?" என்றாள்.

"கரண்ட் போயிருச்சும்மா," என்றார் கறுப்பையா. "மறுபடி ஒருக்காச் சொல்லு."