அந்திக்காரர்கள்

சூரியன் உதிக்க இன்னும் ஆறு மணி நேரம்தான் இருந்தது. அதனால் பத்தாங்குடியில் எல்லோரும் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

நெடும்பகல் என்ற அந்தக் கிரகத்தில் இது இருபது நாளைக்கு ஒருமுறை நடக்கிற வேலை. கிரகம் தன்னைத் தானே ஒருதரம் சுற்றிக்கொள்ள பூமிக் கணக்கில் நானூறு நாள் எடுத்துக்கொள்ளும். பகலில் நின்றால் வெந்து சாக வேண்டியது, இரவில் நின்றால் விறைத்துச் சாக வேண்டியது. இரண்டுக்கும் நடுவே, விடியலிலும் அந்தியிலும் உள்ள சாம்பல் பட்டையில் மட்டும் மனிதர் மூச்சுவிட்டுப் பிழைக்கலாம். ஆகவே பதினான்கு வண்டிகள் கொண்ட ஒரு கூட்டம் விடியலோடு கூடவே நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குச் சாத்து என்று பெயர். வண்டிகட்டிப் போகும் கூட்டத்துக்குப் பழந்தமிழர் வைத்த பெயர்தான். கிரகத்தைச் சுற்றி வட்டமாக இருபது குடிகள். ஒவ்வொன்றிலும் பத்தொன்பது நாள் தங்கல், ஒரு நாள் பயணம்.

மறுபக்கம் அந்தி வெளிச்சத்தில் இன்னொரு சாத்து இதேபோல் சுற்றுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூமியிலிருந்து இரண்டு கப்பல்கள் கிளம்பின அல்லவா? இவர்கள் விட்டுப்போகும் வீட்டில் இருநூறு நாள் கழித்து அந்திக்காரர்கள் குடியேறுவார்கள். அவர்கள் விட்டுப்போவதில் இன்னொரு இருநூறு நாள் கழித்து இவர்கள். இரு கூட்டமும் சந்தித்ததே இல்லை. சூரியனின் இரைச்சலில் வானொலியும் எடுபடாது. ஆனாலும் அந்திக்காரர்களைப் பற்றி விடியல்காரர்களுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. சுத்தம் தெரியாதவர்கள், வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள். அவர்கள் விட்டுவைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலே தெரியாதா?

அவர்கள் கெடுத்துவைத்ததற்குப் பதிலுக்குக் கெடுத்துவைக்கத்தான் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம். அதற்குப் 'பதில் நேரம்' என்று பெயர். தலைவண்டி மூக்கையா மணி அடித்ததும் ஆளாளுக்கு வேலையைத் தொடங்குவார்கள். ஒருவர் குழாயின் மரையைக் கழற்றுவார், இன்னொருவர் விளக்கைப் பிடுங்குவார், பிள்ளைகள் குடத்தில் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவரும். திருவிழா மாதிரி இருக்கும். சாத்துக்குள் மட்டும் இருபது வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

உலகம்மாளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. சமையலறைக் குழாய் மொத்தத்தையும் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து முற்றத்தில் எறிந்துவிட்டு வந்து ஏழாவது வண்டியில் ஏறினாள். அவள் சாத்தின் குழாய்க்காரி. பொருத்தத் தெரிந்த கைக்குப் பெயர்க்கவும் தெரியும். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. பின்கட்டில் அவளுடைய ஆறு வயது மகள் நாச்சியார் முகமூடியோடு படுத்திருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் மணல் உரசுகிற சத்தம்.

ஏழாங்குடியில் இவர்களுக்குக் கிடைத்த வீட்டில், காற்றுச் சல்லடையில் யாரோ ஊசியால் நாலு ஓட்டை போட்டிருந்தார்கள். செந்தூள் பத்தொன்பது நாளும் குழந்தையின் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது. அதை உறிஞ்சி எடுக்கிற மூச்சுப்பெட்டி கிரகத்திலேயே ஒன்றுதான், அது பதினோராங்குடியில். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நெடும்பகலில் சாயங்காலம் கிடையாது. பழக்கதோஷத்தில் அப்படிச் சொல்லிக்கொள்வார்கள்.

வண்டி குலுங்கியது. கதவின் மேல் ஆணியில் தொங்கிய ஒரு சாண் நீளப் பச்சைக் குழாய்த்துண்டு ஆடியது. உலகம்மாளின் கணவன் ஆவுடையப்பன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, இது அந்த மூச்சுப்பெட்டில அறுத்ததுதான?"

"ஆமா. போன சுத்துல கிரைண்டருக்குள்ள மண்ணள்ளிப் போட்டு வச்சிருந்தானுவல்லா? அதுக்குத்தான் அறுத்தேன்."

"அப்பம் நம்ம பிள்ளைக்கு?"

"அவனுவ மாட்டிருப்பானுவ."

"மாட்டலைன்னா?"

"அவனுவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்லா? மாட்டாம இருப்பானுவளா?" என்றாள் உலகம்மாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "என் கையில ஒருத்தி சிக்கட்டும். சல்லடையை ஓட்டை போட்டவ யாருன்னு மட்டும் தெரிஞ்சா, அவ ஈரக்குலையை உருவிருவேன்" என்றாள்.

வழிநெடுக இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். எட்டாவது வண்டி சொர்ணம் நடுவழியில் ஓடிவந்து, நாச்சியாருக்குக் கஞ்சி கொடுத்து, அவளும் சேர்ந்து அந்திக்காரர்களை வாயாரத் திட்டிவிட்டுப் போனாள். சொர்ணத்துக்குக் கைக்குழந்தை உண்டு. பெற்றவளின் வலி அவளுக்குத் தெரியும்.

பதினோராங்குடிக்கு வந்ததும் உலகம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு ஓடினாள். மூச்சுப்பெட்டி இருந்தது. அதன் குழாய் நடுவில் அறுந்து, இரண்டு முனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தேளா, நான் அறுத்ததுக்குப் பதிலுக்கு அறுத்துட்டானுவ!" என்று அலறினாள். "பாவிப்பயலுவ! மாட்டிட்டு மறுபடி அறுத்திருக்கானுவ!"

கதவுக்கு மேல் பாரா விழித்துக்கொண்டது. பாரா என்பது ஒரு கண்ணும் ஒரு குரலும்தான். கை கால் கிடையாது. இருபது குடியிலும் இருக்கிற பாராக்கள் தரைக்கடியில் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். மனிதர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். இருபது வருடமாக எல்லோரும் அதனிடம் என்னென்ன உடைந்திருக்கிறது என்று மட்டுமே கேட்டு வந்தார்கள். யார் உடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அதுதான் தெரியுமே.

உலகம்மாள் கேட்டாள். "எவ அறுத்தா? அவ பேரைச் சொல்லு."

"உலகம்மாள், ஏழாவது வண்டி. முந்நூற்று எண்பத்தொரு நாளுக்கு முன்பு."

"அது நான் அறுத்தது. அதுக்குப் பொறவு அந்தியில வந்தவ பேரு?"

"அந்தியில் யாரும் வரவில்லை."

"இந்தத் தடவையா?"

"எந்தத் தடவையும் இல்லை. இரண்டாவது கப்பல் வந்து இறங்கவே இல்லை. இருபது வருடமாக இந்தக் குடிகளுக்கு வருவது நீங்கள் மட்டும்தான்."

ஆவுடையப்பன் வண்டிக்கு ஓடிப்போய் ஆணியில் தொங்கிய துண்டைக் கொண்டுவந்தான். உலகம்மாள் அதை இரண்டு முனைக்கும் நடுவில் வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. சாய்வாக வெட்டிய வாய்கூட ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. பட்டை போட்டு இறுக்கினாள். மூச்சுப்பெட்டி உறுமியது. ஒரு மணி நேரத்தில் நாச்சியாரின் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. உலகம்மாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"ஏழாங்குடியில சல்லடையை ஓட்டை போட்டது ஆரு?"

"சொர்ணம், எட்டாவது வண்டி."

"உனக்குன்னா போட்டேன்?" என்று, அலறல் கேட்டு வாசலில் கூடியிருந்தவர்களுக்கு நடுவில் நின்ற சொர்ணம் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள். "அவனுவளுக்குத்தான போட்டேன்! நீயுந்தான அறுத்த!"

உலகம்மாள் அவள் கூந்தலைப் பிடித்திருந்தாள். பிரித்துவிட ஆறு பேர் வேண்டியிருந்தது. பிரித்துவிட்ட ஆறு பேரும் நேரே பாராவிடம் போய் வரிசையில் நின்றார்கள். என் விளக்கைப் பிடுங்கியது யார், என் தொட்டியில் சேற்றைக் கரைத்தது யார் என்று கேள்வி மேல் கேள்வி. பாரா சலிக்காமல் பெயர் சொல்லியது. கிரைண்டருக்குள் மண் போட்டது ஆவுடையப்பன் என்றும் சொல்லியது. அன்று அவன் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கினான்.

பத்தொன்பது நாளில் பதினோராங்குடி இரண்டாகிவிட்டது. ஒரே அடுப்பில் உலை வைத்தவர்கள் முகம் பார்க்காமல் நடந்தார்கள். மூக்கையா கூட்டம் போட்டு, "இல்லாதவனைத் திட்டிக்கிட்டு எம்புட்டு நிம்மதியா இருந்தோம்" என்று பெருமூச்சு விட்டதோடு சரி. கடைசி நாள் சொர்ணத்தின் வண்டியோடு சேர்த்து ஏழு வண்டிகள் ஒரு பக்கமாயின. இவர்களோடு ஒரு குடியில் இனித் தண்ணீர் குடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, இருட்டுக்குள் பாய்ந்தன. விறைத்துப் போகாமல் ஓட்டினால் இரவைக் கடந்து அந்தியைப் பிடித்துவிடலாம்.

ஆக, அந்திக்காரர்கள் பிறந்துவிட்டார்கள்.

மிச்சமிருந்த ஏழு வண்டிகளும் புறப்படத் தயாராயின. மூக்கையா மணி அடிக்கவில்லை. அடிக்காமலே எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள்.

உலகம்மாள் மருத்துவ அறைக்குப் போனாள். இருநூறு நாள் கழித்து இந்த அறைக்கு நிஜமாகவே ஒருத்தி வருவாள். அவள் முகம் தெரியும், பெயர் தெரியும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையின் பெயரும் தெரியும். உலகம்மாள் வெட்டுக்கத்தியை எடுத்து, போன சுற்றில் அறுத்த அதே இடத்தில் அறுத்தாள். துண்டை மடியில் செருகிக்கொண்டாள்.

"அடுத்த சுற்றில் உங்கள் மகளுக்கு இது தேவைப்படுமா?" என்று பாரா கேட்டது. யாரும் கேட்காமல் அது வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

உலகம்மாள் வாசலில் ஒரு நொடி நின்றாள்.

"அவளும் பெத்தவதான? மாட்டாம இருப்பாளா?" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.