சாப்பிட்டீங்களா, அக்கா?

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது.

படுக்கையில் கிடந்தவள் எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சாயந்திர ஊசிக்கு நேரமாச்சு. சாப்பிட்டீங்களா?"

வாசலில் நின்ற நர்ஸ் ஒரு அடி உள்ளே வந்தாள். அது அவளுடைய சொந்தக் குரல்!

ஆஸ்பத்திரி வரை நடக்க முடியாதவர்கள், மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாதவர்கள்... இவர்களுக்காக ஆஸ்பத்திரி வைத்த பேசும் கம்ப்யூட்டர். தினமும் தானாகவே போன் போட்டு விசாரிக்கும், பதிலுக்குத் தக்கபடி சொல்லும். குரல் மட்டும் நர்ஸ் கொடுத்தது. இந்தப் பேட்டையில் அதற்குப் பெயர் 'போன் பொண்ணு'.

"உங்க போன் பொண்ணு ஒரு ஆளையே முடிச்சிட்டாளே, சிஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்...?"

"காலைல பத்து மணிக்குப் பேசினதோட பதிவு. உங்க ஆஸ்பத்திரிலேர்ந்துதான் வாங்கினேன். கேளுங்க."

தன் மொபைலைத் தட்டினார்.

'அக்கா, சாப்பிட்டீங்களா?'

'சாப்பிட்டேன்.'

'நல்லது. இப்ப ஊசி போட்டுக்குங்க.'

'சரி.'

"வீட்டுல அடுப்பே பத்த வைக்கல. வெறும் வயித்துல ஊசி. சர்க்கரை இறங்கி ஆள் காலி. நேர்ல வந்த நர்ஸா இருந்தா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பா. மிஷின், சொன்னதை நம்பிடுச்சு. நாளைக்கே இதை இழுத்து மூடறதா உங்க பெரிய டாக்டர் சொல்லிட்டார். கேஸ் உங்க தலையில."

நர்ஸ் அந்தப் போனையே பார்த்தாள். தன் வேலை போகட்டும். இந்தக் குரலை நம்பி இந்தப் பேட்டையில் எத்தனை பேர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்...

மூலையில் செத்தவளின் தங்கை சுருண்டு அழுதுகொண்டிருந்தாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை. விடிந்ததும் போய், சாயந்திரம் திரும்பி, கதவைத் திறந்து அலறியவள் அவள்தான்.

"நான் கிளம்பறப்ப நல்லாத்தான் சார் இருந்தா. பத்து மணிக்குப் பேசியும் இருக்காளே. பாழாப்போன மிஷின் என் அக்காவை முழுங்கிடுச்சு..."

அக்காவுக்கு இருந்த அதே கரகரத்த குரல்.

நர்ஸ் நிமிர்ந்தாள்.

"சார், இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்.

"இது அந்த அக்கா இல்ல."

"என்ன சிஸ்டர், தப்பிக்கப் பாக்கறீங்களா?"

"சார், உங்கள யாராவது சாப்பிட்டீங்களான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்வேன்... சாப்பிட்டேன், நீங்க சாப்..."

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிறுத்தினார்.

"அதேதான் சார். அந்த அக்கா ஒரு நாள் விடாம அதைத் திருப்பிக் கேப்பாங்க. 'நீ சாப்பிட்டியா கண்ணு'ன்னு. மொதல்ல மிஷின் பதில் தெரியாம முழிச்சுது. அதுக்குன்னே 'சாப்பிட்டேன்க்கா'ன்னு நான் தனியா பேசிக் குடுத்தேன். இன்னிக்குப் பேசினவளுக்கு அது வெறும் மிஷின். போன் காலைல எங்க இருந்துச்சுன்னு விசாரிங்க."

மூலையில் அழுகை நின்றது.

இன்ஸ்பெக்டர் போன் கம்பெனிக்குப் பேசி டவர் விவரம் கேட்டார். பதில் வந்ததும் திரும்பினார்.

"ஏம்மா, பத்து மணிக்கு உங்க அக்கா போனுக்கு உன் கம்பெனில என்ன வேலை?"

தங்கையின் முகம் வெளுத்தது.

"எத்தனை வருஷம் சார்... ஊசி, புண்ணு, கட்டு. கட்டிக்கிறேன்னு வந்தவரு, நோயாளியோட சேர்த்துக் கட்ட முடியாதுன்னுட்டாரு. அவ தூங்கிட்டிருக்கும்போதே... விடியக்காலைல, வீட்டுல இருந்த ஊசி மருந்து பூராவும் ஏத்திட்டேன். பழி மிஷின் மேல போகட்டும்னு போனை எடுத்துட்டுப் போய் நானே பேசினேன். அவ என்னை விடவே மாட்டா சார். அவ இருக்கற வரைக்கும் எனக்கு விடிவே இல்ல."

நர்ஸ் தன் மொபைலில் நேற்றுச் சாயந்திரப் பதிவைத் தேடினாள். கேட்க ஆளில்லாமல் கிடந்த பதிவு. ஓடவிட்டாள்.

'...நான் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா கண்ணு?'

'சாப்பிட்டேன்க்கா.'

'ஒரு சேதி, யார்கிட்டயும் சொல்லிடாத. நோயாளிங்கள வச்சுப் பாத்துக்கற ஹோம்ல எனக்கு இடம் கிடைச்சிருச்சு. நாளைக்கு தங்கச்சி வேலை முடிஞ்சு வந்ததும் சொல்லணும். பாவம், அவளும் வாழ வேண்டிய பொண்ணுல்ல? நான் நகந்துட்டா அந்தப் பையன் வந்து கட்டிக்குவான்.'

தங்கை அலறினாள். இந்தத் தடவை நடிப்பு இல்லை.

இரண்டு பெண் போலீஸ் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், இனிமே மூட மாட்டாங்கல்ல?"

"மூடறதா?" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "எங்காளுங்க லத்திய வச்சு வாங்கற உண்மைய, இது சாப்பிட்டீங்களான்னு கேட்டே வாங்கிடுச்சு. ஸ்டேஷனுக்கு ஒண்ணு கிடைக்குமா, சிஸ்டர்?"